கடல் கடந்து வந்த பெட்டிக்கு வாரண்டி உண்டா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் லேப்டாப், செல்பேசி பழுது பார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்து மக்களுக்கு வெளிநாட்டுச் சாமான் புதிதல்ல. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் 1960களின் கடைசியில் ராஜாஜி சாலையோரம் கடை விரித்த நாளிலிருந்து, கப்பல் வேலைக்குப் போன பிள்ளைகள் ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் டேப் ரெக்கார்டர் தூக்கிவந்த நாளிலிருந்து அது நமக்குப் பழக்கம். அப்போது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரு விஷயம் தெளிவு: ஓடுகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும், கடையைவிட்டு இறங்கிய பிறகு பேச்சில்லை. இன்று வீட்டிலிருந்தே அமெரிக்காவில் ஒரு முகவரி எடுத்து, அங்குள்ள கடையில் வாங்கி, பார்சலாக வரவழைக்கிறோம். பெட்டிக்குள் வாரண்டி அட்டை இருப்பதைப் பார்த்து வாரண்டியும் கூடவே வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையோடு என் மேஜைக்கு வந்தவர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

பார்சல் ஃபார்வர்டிங் நிறுவனம் என்பது என்ன? பொருள் கெட்டால் அவர்களிடம் கேட்க முடியாதா?

வெளிநாட்டில் ஒரு கிடங்கு வைத்திருப்பார்கள். அந்த முகவரியோடு உங்களுக்கென்று ஓர் எண்ணைச் சேர்த்துக் கொடுப்பார்கள். கடைக்காரர் அந்த முகவரிக்கு அனுப்புவார். கிடங்கில் பெறுவார்கள், எடை போடுவார்கள், கூரியரில் சென்னைக்கு ஏற்றிவிடுவார்கள். அமெரிக்காவில் ஓரிகன், டெலவேர் மாநிலங்களில் விற்பனை வரி கிடையாது. அதனால் இத்தகைய கிடங்குகள் பல அங்கே இருக்கின்றன.

அவர்கள் சுமந்து வருபவர்கள், விற்பவர்கள் அல்ல. வழியில் உடைந்தால், தொலைந்தால் கேட்கலாம். நான்கு மாதம் கழித்துத் திரை கறுத்துப்போனால் அவர்களிடம் கேட்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அவர்கள் விற்கும் ‘காப்பீடு’ பயணத்துக்கு மட்டும்தான். அதை வாரண்டி என்று நினைத்துப் பணம் கட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அட்டையில் ஒரு வருட வாரண்டி என்று அச்சடித்திருக்கிறது. அதே நிறுவனத்தின் பெயர்ப் பலகை மாட்டிய சர்வீஸ் சென்டர் ஏன் மறுக்கிறது?

பெயர்ப் பலகை ஒன்றாக இருந்தாலும் பலகைக்குப் பின்னால் இருப்பது வேறு நிறுவனம். அமெரிக்காவில் விற்பது அங்குள்ள கிளை. இங்கே விற்பது இந்தியாவில் தனியாகப் பதிவு செய்த நிறுவனம். சென்னையில் பொருள் வாங்கும்போது நாம் கொடுக்கும் விலைக்குள் இங்கே பழுது பார்க்கும் செலவும் அடங்கியிருக்கிறது. வெளியிலிருந்து வந்த பொருளுக்கு அந்தச் செலவை இந்தியக் கிளை யாரிடமும் வாங்கவில்லை. சர்வீஸ் சென்டரில் சீரியல் எண்ணைத் தட்டியதும் விற்ற நாடு திரையில் வந்துவிடும். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளை உங்களை ஏமாற்றவில்லை. கணினி அவரை அனுமதிப்பதில்லை.

உதிரிபாகமும் ஒரு காரணம். ஒரே பெயரில் விற்கும் பொருளுக்குள் நாட்டுக்கு நாடு பாகம் மாறும். 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்கச் சந்தைக்கான ஐபோன்களில் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். அதே பெயரில் இந்தியாவில் விற்றதில் சிம் தட்டு இருந்தது. இங்கே வைத்திருக்கும் மாற்றுப் பாகம் அங்கிருந்து வந்த பொருளுக்குச் சேரும் என்று நிச்சயமில்லை.

எந்தப் பொருளுக்குத்தான் உலக அளவில் வாரண்டி கிடைக்கும்?

அதிக நம்பிக்கை வைக்கக்கூடியது லேப்டாப். அலுவலகத்தார் நாடு விட்டு நாடு தூக்கிக்கொண்டு போகும் பொருள் என்பதால் பெரிய நிறுவனங்கள் அதற்கென்று ஏற்பாடு செய்திருக்கின்றன. லெனோவோவில் சில வரிசைகளுக்குச் சர்வதேச வாரண்டி சேவை உண்டு. குறிப்பாக திங்க்பேட் வரிசையை விசாரிக்கலாம். டெல் லேப்டாப்பில் இருக்கும் சர்வீஸ் எண்ணை வேறு நாட்டுக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம். பழுது வந்த பிறகு ஓடாமல், பொருள் வீடு வந்து சேர்ந்த வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். அப்போதும் அந்த நாட்டு எழுத்து பொறித்த விசைப்பலகை போன்ற பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

செல்பேசி அப்படியல்ல. ஐபோனுக்கான வாரண்டி சேவையை முதலில் விற்ற நாட்டோடு நிறுத்திக்கொள்ள ஆப்பிள் தன் வாரண்டி விதியிலேயே உரிமை எடுத்து வைத்திருக்கிறது. யாரோ ஒருவருக்கு இங்கே செய்துகொடுத்தார்கள் என்பதை வைத்து உங்களுக்கும் செய்வார்கள் என்று பணம் போடாதீர்கள். இன்னொன்றும் பாருங்கள். அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனங்கள் தவணையில் விற்கும் போன்கள் அவர்களுடைய இணைப்பில் மட்டும் இயங்கும்படி பூட்டப்பட்டிருக்கும். விலை நம்ப முடியாதபடி குறைவாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். இது பழுதில் சேராது, எந்த வாரண்டியும் இதைத் திறந்துவிடாது.

கேமராவில் லென்ஸுக்கு ஒரு விதி, உடல் பகுதிக்கு ஒரு விதி என்று பிரித்து வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து வாங்கினால் இரண்டு அட்டையையும் படிக்க வேண்டும். ஜப்பானிலிருந்து வாங்கினால் அட்டையில் விற்ற கடையின் முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். பல அட்டைகளில் ‘ஜப்பானுக்குள் மட்டும் செல்லும்’ என்று ஜப்பானிய எழுத்தில் இருக்கும். செல்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை அதன்மீது காட்டினால் படித்துவிடலாம்.

சமையலறைச் சாதனம், விளையாட்டுக் கருவி, ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு வாரண்டி இல்லை என்று வைத்துக்கொண்டே விலையைக் கணக்கிடுங்கள்.

‘புதுப்பிக்கப்பட்டது’ என்று விற்பவற்றுக்குப் பெரும்பாலும் தயாரிப்பாளர் வாரண்டி கிடையாது, விற்பவர் தரும் குறுகிய வாரண்டிதான். அவரோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

வாங்குவதற்கு முன் எப்படி உறுதி செய்துகொள்வது?

தயாரிப்பாளரின் இந்தியக் கிளைக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டால் ‘ஆம்’ என்று சொல்லிவிடுவார்கள், ஆறு மாதம் கழித்து அந்த ‘ஆம்’ சொன்னவர் யாரென்று கண்டுபிடிக்க முடியாது. மின்னஞ்சலில் முழு மாடல் எண்ணை எழுதுங்கள், கடைசியில் வரும் நாட்டுக் குறியீடு உட்பட. ‘இந்த எண்ணுள்ள பொருளை அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கி, அந்தப் பில்லோடு சென்னையில் கொடுத்தால் வாரண்டியில் பழுது பார்ப்பீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

‘அங்கீகரிக்கப்பட்ட கடை’ என்ற சொற்களைக் கவனியுங்கள். பெரிய இணையச் சந்தைகளில் ஆயிரக்கணக்கான தனி விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அங்கீகாரம் பெற்றவர்கள் அல்லர். அவர்களிடம் வாங்கியதற்கு அமெரிக்காவிலேயே வாரண்டி தராத நிறுவனங்கள் உண்டு.

பெட்டியைக் கழற்றிச் சுருக்கி அனுப்பினால் கட்டணம் பாதியாகிறது என்கிறார்கள். செய்யலாமா?

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்காக ஒரு ஹெட்ஃபோன் வரவழைத்தேன். சுருக்கிக் கட்டும்படி ஒரு பொத்தானை அழுத்தினேன். பொருள் பத்திரமாக வந்தது. அட்டைப் பெட்டி, அதன்மேல் ஒட்டியிருந்த சீரியல் எண் சீட்டு, உள்ளே இருந்த வாரண்டி அட்டை, கடைக்காரர் வைத்த பில் எல்லாம் அந்தக் கிடங்கின் குப்பைத் தொட்டிக்குப் போயிருந்தன. ஏழாம் மாதம் ஒரு காதில் சத்தம் நின்றது. கையில் காட்ட ஒரு காகிதமும் இல்லை. அதன் பிறகுதான் வருகிறவர்களிடமெல்லாம் இதை முதலில் கேட்கிறேன்.

கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். வருவதும் உண்மையான எடையும், எது அதிகமோ அதற்குக் கட்டணம். 40க்கு 30க்கு 25 சென்டிமீட்டர் பெட்டி என்றால், உள்ளே ஒரு கிலோ பொருள் இருந்தாலும் 6 கிலோவுக்குப் பணம். சுருக்கினால் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் கிடங்குக்கு இப்படி எழுதுங்கள்: வெளிப்பெட்டியை மட்டும் நீக்குங்கள், தயாரிப்பாளரின் பெட்டியைத் தொடாதீர்கள். இரண்டு பெட்டிகளை ஒன்றாக்கச் சொன்னாலும் இதையே எழுதுங்கள். காகிதங்களை எல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிறு கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

பில் யார் பெயரில் இருக்க வேண்டும்?

உங்கள் பெயரில். பல வாரண்டிகள் ‘முதலில் வாங்கியவருக்கு’ மட்டும் என்று எழுதப்பட்டிருக்கும். சில கடைகள் இந்திய வங்கி அட்டையை ஏற்காது. அப்போது ஃபார்வர்டிங் நிறுவனமே உங்களுக்காக வாங்கித் தரும். அந்தப் பில் அவர்கள் பெயரில் இருக்கும். வேறு வழியில்லை என்றால், கடைக்காரரின் அசல் பில்லையும், உங்களுக்காக வாங்கியதைக் காட்டும் அவர்களுடைய ரசீதையும் சேர்த்தே வைத்திருங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் நம் ஊர் வெயிலில் சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே படம் எடுத்துவிட வேண்டும்.

சுங்க வரி கட்டிய ரசீது இருக்கிறது. அதைக் காட்டினால் இந்திய வாரண்டி தர மாட்டார்களா?

மாட்டார்கள். பொருள் நேர்மையாக நாட்டுக்குள் வந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. ஆனால் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி இல்லை என்கிறார்களே?

அது பழைய கதை. முன்பு 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு விலக்கு இருந்தது. 2019 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் அந்த வழியை மூடியது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கை விட்டுவைத்தது. விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் யோசனையும் வேண்டாம். 60,000 ரூபாய்ப் பொருளை 6,000 என்று எழுதினால், வழியில் உடையும்போது காப்பீடும் 6,000 ரூபாய்க்குத்தான் பேசும். சுங்கத்துறையிடம் மாட்டினால் அபராதமும் சேரும்.

பெட்டியைப் பிரித்தவுடனேயே வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

நாட்கள்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. திருப்பித் தருவதற்கு 30 நாள் கொடுக்கும் கடையாக இருந்தாலும், அந்த 30 நாள் கிடங்கில் பொருள் இறங்கியதுமே ஓடத் தொடங்கிவிடும். அங்கே பத்து நாள், விமானத்தில் சில நாள், மீனம்பாக்கத்தில் சுங்கப் பரிசோதனை, அடையாளச் சான்று கேட்டு ஒரு வாரம் என்று போனால் நம் கைக்கு வரும்போது ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால் விலை உயர்ந்த பொருளைக் கிடங்கிலேயே பிரித்து, மின்சாரம் கொடுத்து, திரை எரிவதைப் படம் எடுத்து அனுப்பும் சேவையைக் கேட்டு வாங்குங்கள். அங்கே பழுது தெரிந்தால் உள்ளூர்த் தபாலில் கடைக்குத் திரும்பிவிடும். கடல் தாண்டிய பிறகு தெரிந்தால் திருப்பி அனுப்பும் செலவே கழுத்தை நெரிக்கும்.

சென்னைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்றால், முதலில் அது பழுதா, பயணத்தில் பட்ட அடியா என்று பாருங்கள். வெளிப்பெட்டி நசுங்கியிருந்தால் கூரியர்காரரிடம் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். விமானச் சரக்குக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதத்தைப் பொருள் கிடைத்த 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது, ஒட்டுநாடாவை வெட்டும் முன்பிருந்தே காணொளி எடுங்கள்.

கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. சுங்கச் சட்டத்தின் 26ஏ பிரிவின்படி, பழுதான பொருளைப் பயன்படுத்தாமல் 30 நாளுக்குள் திருப்பி ஏற்றுமதி செய்தாலோ, சுங்கத்துறையிடமே விட்டுக்கொடுத்தாலோ வரியைத் திரும்பக் கேட்கலாம். பழுதைக் கண்டுபிடிக்க இயக்கிப் பார்த்தது பயன்படுத்தியதாகக் கருதப்படாது. இதற்குச் சுங்கத் தரகர் ஒருவரின் உதவி வேண்டியிருக்கும். அவருடைய கட்டணத்தையும் அலைச்சலையும் கணக்கிட்டால், லட்சத்தைத் தொடும் பொருளுக்குத்தான் இது கட்டுப்படியாகும் என்பது என் எண்ணம்.

வாரண்டி அங்கே மட்டும்தான் என்றால், திருப்பி அனுப்பிச் சரிசெய்து வரவழைக்கலாமே?

முடியும். ஆனால் மூன்று இடத்தில் கால் இடறும்.

முதலாவது பேட்டரி. சாதனத்துக்குள் பொருத்திய லித்தியம் பேட்டரியை விதிகளுக்கு உட்பட்டு அனுப்பலாம். பவர் பேங்க் போன்ற தனிப் பேட்டரிக்குக் கெடுபிடி அதிகம், 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக அதை ஏற்றக் கூடாது. உப்பிய, ஒழுகும் பேட்டரியோடு கூடிய சாதனத்தை விமானத்தில் அனுப்பவே முடியாது. பேட்டரி உப்பியதுதான் பழுது என்றால் இந்த வழி அடைபட்டுவிட்டது. மறைத்து அனுப்ப நினைக்காதீர்கள், அந்த விமானத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, திரும்பி வரும்போது மறுபடியும் வரி. பழுது பார்க்க வெளிநாடு அனுப்பிய பொருள் திரும்பி வந்தால், பழுது பார்த்த செலவு, காப்பீடு, இருவழிச் சரக்குக் கட்டணம் ஆகியவற்றுக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று 2017ஆம் ஆண்டின் 45ஆம் எண் சுங்க அறிவிக்கை சொல்கிறது. ஆனால் போனதும் வந்ததும் ஒரே பொருள் என்று நீங்கள் காட்ட வேண்டும். அனுப்பும்போதே ஏற்றுமதிக் காகிதத்தில் ‘பழுது பார்க்க’ என்றும் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். சாதாரணக் கூரியர் பொட்டலமாகக் கொடுத்துவிட்டால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

மூன்றாவதுதான் பலரையும் வீழ்த்துகிறது. இப்போதெல்லாம் நிறுவனங்கள் பழையதைச் சரிசெய்வதைவிட வேறொன்றை மாற்றிக் கொடுப்பதையே விரும்புகின்றன. மாற்றிக் கொடுத்ததன் சீரியல் எண் வேறு. அதே பொருள் என்று சொல்ல முடியாது, அந்தச் சலுகையும் கிடைக்காது. நீங்கள் ஒரு பைசா விலை கொடுக்காவிட்டாலும் புதிய இறக்குமதிபோல் வரி கேட்பார்கள்.

அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இருந்து, அடுத்த முறை ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்ப முடிந்தால் அதுவே எளிது. சர்வீஸ் முகவரியாக அவர் வீட்டையே கொடுக்கலாம். ஃபார்வர்டிங் கிடங்கின் முகவரியைப் பார்த்தாலே மறுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன.

தம்பி, அமெரிக்காவில் வாங்கிய ரைஸ் குக்கரை இங்கே செருகியதும் புகை வந்துவிட்டது. வாரண்டி உண்டா?

இல்லை அம்மா. தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது என் மனம் மிகவும் சங்கடப்பட்டது. மகன் முதல் சம்பளத்தில் அனுப்பியது.

அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. சூடாக்கும் கம்பி உள்ள 120 வோல்ட் சாதனத்தை நம் சுவரில் செருகினால் அது வாங்க வேண்டிய சக்தியைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல் வாங்கும். ஜப்பானியச் சாதனம் ஐந்து மடங்குக்கு மேல். நொடிகளில் கருகிவிடும். தவறான மின்னழுத்தத்தால் வந்த சேதத்தை எந்த நிறுவனமும் வாரண்டியில் சேர்க்காது. முள் பொருந்தாததற்கு விற்கும் சிறிய மாற்றி, முள்ளை மட்டும்தான் மாற்றும், மின்னழுத்தத்தைக் குறைக்காது.

சாதனத்தின் அடியிலோ சார்ஜரிலோ ‘100–240’ என்று இருந்தால் கவலையில்லை. லேப்டாப், செல்பேசி சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ‘120’ என்று மட்டும் இருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் திறன் சாதனத்தின் வாட் அளவைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். ஆயிரம் வாட் குக்கருக்கான டிரான்ஸ்ஃபார்மரின் கனத்தையும் விலையையும் பார்த்தால் இங்கேயே ஒரு குக்கர் வாங்கிவிடுவீர்கள்.

போனில் தண்ணீர் படவேயில்லை. ஆனாலும் ‘ஈரம் புகுந்திருக்கிறது, வாரண்டி செல்லாது’ என்கிறார்கள்.

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலோரம் இருப்பவர்கள் இதை அடிக்கடி சந்திக்கிறார்கள். உப்புக்காற்று சார்ஜ் செய்யும் துளையின் உலோகத்தில் பச்சை பிடிக்க வைக்கிறது. அரிப்பை வாரண்டியில் சேர்ப்பதில்லை. உள்ளே வைத்திருக்கும் ஈரம் காட்டும் ஒட்டு நிறம் மாறாமல், துளையில் மட்டும் அரிப்பு என்றால் அதைச் சொல்லி வாதாடுங்கள், சில நேரம் ஏற்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து நனைந்தவற்றுக்கு வாரண்டி எங்கேயும் பேசாது, சாமான்களுக்குக் காப்பீடு எடுத்திருந்தால் மட்டுமே வழி.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

யார்மீது என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டுக் கடைமீது போட்டால், உத்தரவு வந்தாலும் நிறைவேற்றுவது கடினம். இந்தியக் கிளை உங்களுக்கு எதையும் விற்கவில்லை. அதன்மீது போடும் வழக்கு, அவர்கள் எழுத்தில் ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தால்தான் நிற்கும். முன்பே அந்த மின்னஞ்சலை எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

ஃபார்வர்டிங் நிறுவனத்தின் சேவைக் குறைபாடு வேறு விஷயம். சொல்லாமல் பெட்டியைப் பிரித்தார்கள், காப்பீட்டுக்குப் பணம் வாங்கிவிட்டு உடைந்ததற்குக் கொடுக்கவில்லை என்றால் கேட்கலாம். வெளிநாட்டில் இருந்தபடி இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து சேவை விற்பவர்களையும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கட்டுப்படுத்துகின்றன. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நம் பகுதிக்குச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்டு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம்.

வாரண்டி இல்லை என்று தெரிந்துவிட்டது. உங்களைப் போன்ற கடையில் பிரிக்கலாமா?

தாராளமாக. ஆனால் வெளிநாட்டில் வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்து, எடுத்துச் செல்லவும் ஆள் இருந்தால் என்னிடம்கூடப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். வெளி ஆள் பிரித்ததால் மட்டும் வாரண்டி போய்விடாது என்பது அமெரிக்காவில் 1975 முதல் இருக்கும் மேக்னசன்-மாஸ் சட்டத்தின் போக்கு. ஆனால் நான் பிரித்ததால்தான் கெட்டது என்று அவர்கள் சொன்னால், இங்கிருந்து அதை மறுத்து வாதாட உங்களால் முடியாது.

வாரண்டி முடிந்தது என்றால், பிரிப்பதற்கு முன் மாடல் எண்ணைச் சொல்லிப் பாகம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் தேடினால் கிடைக்கும் பாகம் பல நேரம் இந்திய மாடலுக்கானது. பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போய், இணைப்பு முனைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பழைய பாகத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.